‘காதல்’ முருகனுக்குக் கைத்தொழில் தெரியும், அப்புறம் ஏன் தோற்றான்? இந்தக் கதை சிங்கப்பூரில் நடக்குமா?

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்விகள். ‘காதல்’ (2004) படத்தை இப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தேன், முருகன் நன்றாகத் தொழில் தெரிந்த மெக்கானிக், சென்னை மாதிரி ஊரில் அவனுக்கு வேலையா கிடைக்காது, பிறகு ஏன் அவர்களால் நிலைத்து நிற்க முடியவில்லை என்பது ஒன்று. இதே மாதிரிக் கதையைச் சிங்கப்பூரில் வைத்துக் குறும்படமாக எடுக்க ஆசை, ஆனால் இங்கே பெரும்பாலோர் வீவக (அரசு கட்டித் தரும் அடுக்குமாடி) வீட்டில்தானே இருக்கிறோம், ஏழை பணக்காரன் என்றால் யார் நம்புவார்கள் என்பது இன்னொன்று. எனக்கு இவை ஒரே கேள்வியாகத்தான் தெரிகின்றன. வசதியான வீட்டுப் பெண்ணையும் வசதியில்லாத வீட்டுப் பையனையும் உண்மையில் பிரிப்பது எது, அந்த ஊரில் எது, இந்த ஊரில் எது என்பதைத்தான் கேட்கிறீர்கள்.

நான் இங்கே சிங்கப்பூரில் தமிழ்த் தொலைக்காட்சி நாடகங்களுக்குத் திரைக்கதை எழுதியும் மற்றவர்கள் எழுதியதைச் செப்பனிட்டும் வருகிறவன், பல வருடமாக இதுதான் பிழைப்பு. வாரக் கடைசிகளில் இளைஞர்களுக்குத் திரைக்கதைப் பட்டறையும் நடத்துகிறேன். அதனால் படங்களைப் பற்றியும் காட்சி எப்படி வேலை செய்கிறது என்பது பற்றியும் உறுதியாகப் பேசுவேன். கீழே சட்டதிட்டங்களும் கொஞ்சம் வரும். அவை கதைக்காக நான் சரிபார்த்து வைத்தவை, சட்டம் என் துறையல்ல, யாராவது சொந்த வாழ்க்கைக்கு இதை எடுத்துக்கொள்வதாக இருந்தால் திருமணப் பதிவகத்திலும் மனிதவள அமைச்சிலும் நேராகக் கேட்டுக்கொள்ளுங்கள், விதிகள் அவ்வப்போது மாறும்.

முதலில் படம். பாலாஜி சக்திவேல் இயக்கியது, இயக்குநர் ஷங்கர் தயாரித்தது, பரத்தும் சந்தியாவும் நடித்தது. மதுரையில் இருசக்கர வாகனப் பட்டறை வைத்திருக்கும் பையன், அதே ஊரில் பண பலமும் ஆள் பலமும் உள்ள வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பெண். இருவரும் சென்னைக்கு ஓடுகிறார்கள், மேன்ஷனில் தங்கியிருக்கும் நண்பன் உதவியோடு கல்யாணம் செய்துகொள்கிறார்கள், பெண் வீட்டார் கண்டுபிடித்து, சமாதானம் பேசி நம்பவைத்து, மதுரைக்கே அழைத்துப் போகிறார்கள். அங்கே தாலி இறங்குகிறது, அடி விழுகிறது, அவளுக்கு வேறு கல்யாணம் நடக்கிறது. வருடங்கள் கழித்து, கணவனோடும் குழந்தையோடும் போகிற வழியில், புத்தி பேதலித்துத் தெருவில் திரியும் அவனை அவள் பார்க்கிறாள். இதுதான் கதை.

தொழில் தெரிந்தவன் ஏன் தோற்றான் என்றால், தொழில் சம்பளத்தை மாதக் கடைசியில் கொடுக்கும், தலைக்கு மேல் கூரை இன்றிரவே வேண்டும். படத்தின் இரண்டாம் பாதியை மறுபடி போட்டுப் பாருங்கள், காதலைவிட அதிகமாக அதில் இருப்பது இடம் தேடுவதுதான். மேன்ஷன் என்பது ஆண்கள் மட்டும் அடைந்து கிடக்கும் இடம். திருவல்லிக்கேணிப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், வரிசையாகக் கதவுகள், கதவுக்குக் கதவு கொடியில் காயும் லுங்கியும் பனியனும், நாலு பேர் பகிர்ந்துகொள்ளும் அறை. அங்கே தாலி கட்டாத ஒரு பெண்ணை எத்தனை மணி நேரம் வைத்திருக்க முடியும்? கல்யாணம் அவ்வளவு அவசரமாக நடப்பதற்குக் காதல் மட்டும் காரணமில்லை என்று நான் நினைக்கிறேன், கழுத்தில் தாலி இல்லாமல் எந்த வீட்டுக்காரரும் கதவு திறக்கமாட்டார் என்பதும் காரணம். கையில் இருக்கும் காசு எத்தனை நாளைக்கு வரும், யாரிடம் அட்வான்ஸ் கேட்பது, அவள் எங்கே குளிப்பாள், எங்கே உடை மாற்றுவாள், இதெல்லாம் வசனமாகச் சொல்லப்படாவிட்டாலும் ஒவ்வொரு காட்சியையும் அதுதான் தள்ளிக்கொண்டு போகிறது. ஏழைக் காதலனை அழுக்குச் சட்டை போட்டுக் காட்டுவது சுலபம், அவனுக்கு எத்தனை மணி நேர அவகாசம் இருக்கிறது என்று காட்டுவதுதான் கஷ்டம், இந்தப் படம் அதைச் செய்தது.

இன்னொரு பக்கம் உறவு. முருகனுக்குச் சென்னையில் ஒரே ஒரு நண்பன், அவனும் இவனைப்போலவே மேன்ஷன் அறைக்கு வாடகை கொடுத்துப் பிழைப்பவன், உயிரைக் கொடுத்து உதவுவான் ஆனால் அவனிடம் கொடுக்க வேறொன்றும் இல்லை. பெண்ணின் அப்பாவுக்கோ ஊருக்கு ஊர் ஆள், ஒரு தகவல் வேண்டும் என்றால் பத்துப் பேர் ஓடுவார்கள், கார் இருக்கிறது, டிரைவர் இருக்கிறான், வக்கீல் இருக்கிறார். பணக்காரருக்கும் ஏழைக்கும் இருக்கும் வித்தியாசத்தை நாம் வங்கிக் கணக்கில் தேடுகிறோம், ஓடிப்போகிற ஜோடிக்கு அது தெரிவது இங்கேதான், யாருடைய சொந்தக்காரர் எத்தனை ஊரில் இருக்கிறார் என்பதில். அந்தச் சொந்தக்காரக் கூட்டம் சாதியால் கட்டப்பட்டது என்பதையும் மறந்துவிடாதீர்கள். மதுரைக் கதையில் வர்க்கமும் சாதியும் ஒரே பக்கம் இழுக்கின்றன, மேலே இருப்பவர் இரண்டிலும் மேலே, கீழே இருப்பவன் இரண்டிலும் கீழே. இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், சிங்கப்பூருக்கு வரும்போது தேவைப்படும்.

இதுவரை சொன்னது படத்தைப் பார்த்து யாரும் சரிபார்க்கக்கூடியது. இனி வருவதில் கொஞ்சம் வாதத்துக்கு இடமிருக்கிறது. உண்மைச் சம்பவம் ஒன்றைக் கேட்டு எழுதியது என்று இயக்குநர் சொல்லியிருக்கிறார், ஆனால் எது நடந்தது எது அவர் சேர்த்தது என்று படத்தை வைத்துப் பிரிக்க முடியாது, அதனால் ‘நிஜத்தில் இப்படித்தான் முடிந்தது’ என்று முடிவுக்கு வக்காலத்து வாங்கவும் முடியாது. கடைசியில் அவளுடைய கணவன் முருகனைக் கைவிடாமல் சிகிச்சைக்குக் கொண்டுபோகிறானே, அதைப் பலர் படத்தின் பெருந்தன்மை என்பார்கள். எனக்கு அது எப்போதும் உறுத்தும். பெண்ணின் குடும்பமும் அதன் பலமும் செய்த கொடுமைக்கு, அதே வசதியான உலகத்தின் இன்னொரு ஆள் கருணை காட்டி ஈடு கட்டுவது மாதிரி ஆகிவிடுகிறது, அப்பாவும் அவருடைய ஆட்களும் கணக்கில் வராமலே போய்விடுகிறார்கள். இது என் வாசிப்பு, நல்ல ரசனையுள்ள நண்பர்கள் சிலர் இதை ஒத்துக்கொள்வதில்லை. அப்புறம் ஒன்று, அவள் பள்ளிச் சீருடையில் வரும் பெண். இந்தியாவில் பெண்ணுக்குத் திருமண வயது 18, ஆணுக்கு 21 என்று 1978லேயே சட்டம் திருத்தப்பட்டாயிற்று. அன்று தியேட்டரில் பார்த்தபோது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, இன்று உங்கள் வயதுக்காரர்கள் முதலில் கேட்பது அதைத்தான், கேட்பதும் நியாயம். நீங்கள் எழுதும்போது இருவரையும் 21 தாண்டியவர்களாக வையுங்கள், கதை பலவீனமாகாது, உண்மையில் இன்னும் இறுகும், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

‘சரி, அவர்கள் எப்படியோ பிழைத்திருந்தால்?’ என்று அடுத்துக் கேட்கத் தோன்றும். அதற்கு 2016இல் மராத்தியில் ஒருவர் பதில் எழுதிவிட்டார். நாக்ராஜ் மஞ்சுளேயின் ‘சைராட்’ பாருங்கள். நிலமும் அரசியல் செல்வாக்கும் உள்ள வீட்டுப் பெண் ஆர்ச்சி, புல்லட்டும் டிராக்டரும் ஓட்டுகிறவள், அவள்தான் அந்த ஜோடியில் தைரியசாலி. பையன் பர்ஷ்யா மீன்பிடிக் குடும்பம். ஹைதராபாத்துக்கு ஓடுகிறார்கள், தோசைக்கடை வைத்திருக்கும் ஒரு பெண் தன் குடிசைப் பகுதியில் இடம் கொடுக்கிறாள், அவன் அவளுடைய கடையில் வேலை செய்கிறான், ஆர்ச்சி ஒரு தொழிற்சாலைக்குப் போகிறாள். நான் பட்டறைகளில் நிறுத்தி நிறுத்திக் காட்டுவது அந்த நடுப்பகுதியைத்தான். ஊரில் அதட்டிப் பேசிய பெண்ணுக்கு இங்கே பாஷை தெரியாது, சமைக்கத் தெரியாது, சுற்றியிருக்கும் அழுக்கும் நாற்றமும் அவளுக்குத் தாங்கவில்லை, அவனுக்கோ அது அவ்வளவு பெரிய விஷயமில்லை. சண்டை வருகிறது, காதல் குறைந்ததால் அல்ல, ஒருவருக்கு இது இறக்கம், மற்றவருக்கு இது வழக்கமான வாழ்க்கை என்பதால். அதையும் தாண்டுகிறார்கள், வீடு அமைகிறது, குழந்தை பிறக்கிறது. பிறகு பெண் வீட்டார் சீர்வரிசையோடு வந்து நிற்கிறார்கள். முடிவைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்லாமல் விடுகிறேன், ஆனால் கடைசி நிமிடங்களில் படம் சத்தத்தையே நிறுத்திவிடுகிறது. ‘இதெல்லாம் மிகைப்படுத்தல்’ என்று இங்கே வளர்ந்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இல்லை. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், நடுத்தெருவில், சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட ஜோடியை வெட்டி இளைஞனைக் கொன்றது கண்காணிப்புக் கேமராவில் பதிவானது. ‘சைராட்’ திரைக்கு வந்தது அதற்கு அடுத்த மாதம்.

பழைய படங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். 1973இல் ராஜ் கபூரின் ‘பாபி’யில் இரண்டு அப்பாக்களும் ஆற்றில் குதித்துப் பிள்ளைகளைக் காப்பாற்றி மனம் மாறுகிறார்கள், அன்றைக்கு அது போதுமாக இருந்தது. நீங்கள் அந்த வழியில் போகாதீர்கள் என்பேன், அப்பா மனம் மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டு எழுதினால் அப்பா மட்டும்தான் தடை என்று ஆகிவிடும்.

இப்போது சிங்கப்பூர். பட்டறைக்கு வரும் இளைஞர்கள் இந்தக் கதையை எழுதினால் பெரும்பாலும் ஒரே வரைவுதான் வரும்: பெரிய பங்களா, கோட்டுப் போட்ட அப்பா, ‘உன் தகுதி என்ன’ என்று ஒரு வசனம், வாசலில் மழையில் நிற்கும் பையன். படித்தவுடன் தெரிந்துவிடும், இது தமிழ்நாட்டுப் படத்திலிருந்து வந்தது, எழுதியவர் வாழும் அடுக்குமாடி புளோக்கிலிருந்து வரவில்லை. நம் ஊரில் வசிப்பவர்களில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பேர் வீவக வீட்டில் இருக்கிறோம் என்பது உண்மை. அதனால் வர்க்கம் இல்லை என்று ஆகாது, வாசலில் எழுதி ஒட்டவில்லை அவ்வளவுதான். 2017இல் கொள்கை ஆய்வுக் கழகம் வெளியிட்ட ஓர் ஆய்வு, இங்கே யார் யாருக்கு நண்பர் என்று பார்த்தது. இனத்தைவிட வீட்டு வகையும் படித்த பள்ளியும்தான் ஆட்களை அதிகம் பிரிக்கின்றன என்று அது சொன்னது. நம் தமிழர்களுக்குள் எடுத்துக்கொள்ளுங்கள், உட்லண்ட்ஸில் மூவறை வீட்டில் அம்மாவோடும் பாட்டியோடும் இருக்கிற, ஐடிஇ என்ற தொழிற்கல்விக் கழகத்தில் படித்து முடித்து உணவு விநியோகம் செய்கிற பையனும், சிராங்கூன் கார்டன்ஸில் தரைவீட்டில் வளர்ந்து நல்ல தொடக்கக் கல்லூரிக்குப் போன டாக்டர் வீட்டுப் பெண்ணும் எங்கே சந்திப்பார்கள்? கோவிலில் தைப்பூசத்துக்கு, யாராவது பொதுச் சொந்தக்காரர் கல்யாணத்தில், அல்லது அவன் உணவுப் பையோடு அவள் வீட்டு மணியை அடிக்கும்போது. மூன்றாவதில்தான் கதை இருக்கிறது. கதவு திறந்ததும் அவள் ‘தேங்க் யூ அண்ணா’ என்கிறாளா, முகம் பார்க்காமல் வாங்கிக்கொள்கிறாளா, அவன் தமிழில் பேசினால் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாளா, அங்கேயே எல்லாம் தெரிந்துவிடும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்குள்ள இந்தியர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம் என்று வந்தது. வீட்டில் தமிழா ஆங்கிலமா என்பது பல நேரம் வசதியின் அடையாளமாகவும் இருக்கிறது, எல்லா வீட்டுக்கும் இது பொருந்தும் என்று சொல்லமாட்டேன், ஆனால் உங்கள் காதுக்கு அது தெரியும், பயன்படுத்துங்கள்.

இங்கே ஓடிப்போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள், ‘காதல்’ படத்துக் கேள்வியையே கேளுங்கள்: இன்றிரவு எங்கே தூங்குவார்கள்? மாதர் சாசனம் என்ற இங்குள்ள திருமணச் சட்டத்தின்படி 21 வயது ஆகாதவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும், 18க்குக் கீழே என்றால் சிறப்பு உரிமம் வேண்டும். 21 ஆகிவிட்டால் யார் சம்மதமும் வேண்டாம், அரிவாளோடு யாரும் துரத்தப் போவதில்லை, மிரட்டினால் போலீஸ் வரும். அதனால்தான் 21 தாண்டியவர்களாக வையுங்கள் என்றேன், சட்டம் அவர்கள் பக்கம் இருந்தும் ஏன் முடியவில்லை என்பதுதான் நம் ஊர்க் கதை. திருமணம் ஆகாமல் தனியாக வீவக வீடு வாங்க 35 வயது ஆக வேண்டும். ஜோடியாக பிடிஓவுக்கு (விண்ணப்பம் வந்த பிறகு கட்டித் தரும் வீவக வீட்டுக்கு) விண்ணப்பித்தால் வீடு கட்டி முடியப் பல வருடம். வாடகைக்கு எடுக்கலாம் என்றால் வீவக வீட்டுக்குக் குறைந்தது 6 மாத ஒப்பந்தம், தனியார் வீட்டுக்குக் குறைந்தது 3 மாதம், கையில் முன்பணம் வேண்டும். அதோடு வாடகை விளம்பரங்களில் ‘இந்தியர்கள் வேண்டாம்’, ‘சமைக்கக் கூடாது’ என்று வெளிப்படையாகப் போடுவதைப் பற்றி இங்கே செய்தியாகவே வந்திருக்கிறது. ஒருகாலத்தில் முஸ்தஃபா பேரங்காடி இரவெல்லாம் திறந்திருக்கும், இப்போது அதுவும் இல்லை. மிச்சம் இருப்பது சாங்கி விமான நிலையத்து நாற்காலி, 24 மணி நேர மெக்டொனால்ட்ஸ், ஏதாவது புளோக்கின் கீழ்த்தளத்துக் கல் மேசை. வீட்டை விட்டுப் போகிறேன் என்று சண்டை போட்டுக்கொண்டு கிளம்பிய பெண், விடியற்காலை முதல் ரயிலில் அதே வீட்டுக்குத் திரும்பி, அம்மா கேட்பதற்கு முன்னால் குளித்துவிட்டு வேலைக்குக் கிளம்புகிறாள், யாரும் யாரையும் அடிக்கவில்லை. இதை ஒருவர் நேர்மையாக எடுத்தால் நான் கண்ணீர் விட்டுப் பார்ப்பேன்.

இதைவிடக் கூர்மையான கதை ஒன்று நம் கண்முன் இருக்கிறது, அதை யாராவது எடுக்கமாட்டார்களா என்று நான் பல வருடமாக ஏங்குகிறேன். ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு, அதாவது லிட்டில் இந்தியாவுக்குப் போனால் நாம் பார்க்கும் ஆயிரக்கணக்கான பையன்கள், கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்பவர்கள், ஊரில் ஏஜெண்டுக்குக் கடன் வாங்கிக் கட்டி, ஸ்கில் டெஸ்ட் அடித்து வந்தவர்கள். இவர்களில் ஒருவனும் உள்ளூர்ப் பெண் ஒருத்தியும். இங்கே தடையாக இருப்பது அப்பா அல்ல, அட்டை. வொர்க் பெர்மிட் என்ற வேலை அனுமதி அட்டையில் இருப்பவர், முன்பு இருந்தவர்கூட, சிங்கப்பூர்க் குடிமகளையோ நிரந்தரவாசியையோ மணக்க மனிதவள அமைச்சின் முன் அனுமதி வாங்க வேண்டும், வெளிநாட்டில் போய்க் கல்யாணம் செய்தாலும் இது பொருந்தும். வாங்காமல் செய்தால் பெர்மிட் போய்விடும், மறுபடி நாட்டுக்குள் வரத் தடையும் வரும். கூடுதல் தகுதியும் சம்பளமும் உள்ள வேலைகளுக்கான எஸ் பாஸ், எம்ப்ளாய்மெண்ட் பாஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்த அனுமதி தேவையில்லை. இதைவிடத் தெளிவாக வர்க்கத்தை யார் எழுதிக் கொடுக்க முடியும்? ஒரே ஊரிலிருந்து வந்த இரண்டு பையன்கள், ஒருவன் கணினி வேலைக்கு, ஒருவன் கம்பி கட்டும் வேலைக்கு, இருவரும் ஒரே பெண்ணை விரும்பினால் ஒருவன் நேராகத் திருமணப் பதிவகத்துக்குப் போகலாம், மற்றவன் முதலில் அமைச்சுக்கு எழுத வேண்டும். அனுமதி கிடைப்பவர்களும் இருக்கிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன், கிடைக்கவே கிடைக்காது என்று உங்கள் படம் சொல்லக்கூடாது. ஆனால் காத்திருக்கும் காலத்தில் கம்பெனி அவனை ஊருக்கு அனுப்பிவிட்டால் என்ன என்ற பயம் இருக்கிறதே, அதுதான் உங்கள் இரண்டாம் பாதி. மலேசியர் அல்லாத ஒவ்வொரு பெர்மிட் ஊழியருக்கும் முதலாளி 5,000 வெள்ளி பிணை கட்டியிருக்கிறார், ஆள் காணாமல் போனால் அந்தப் பணம் போகும் அபாயம் உண்டு, அதனால் அவன் எங்கே போகிறான் வருகிறான் என்பதில் சூப்பர்வைசருக்கும் ஒரு கண் இருக்கும். 2020 ஏப்ரலில் கொரோனாவால் ஊழியர் விடுதிகளை அடைத்தபோது ஒரே தீவில் இருந்துகொண்டு மாதக்கணக்கில் பார்க்க முடியாமல் எத்தனை ஜோடிகள் இருந்திருக்கும், யாரும் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை.

சாதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்றேனே, அது இங்கேதான் வேலை செய்கிறது. கடல் தாண்டியதும் வர்க்கமும் சாதியும் தனித்தனியாகப் பிரிந்துவிடுகின்றன. அந்தப் பெர்மிட் பையன் ஊரில் காணி நிலமும் கோவிலில் முதல் மரியாதையும் உள்ள குடும்பத்தில் பிறந்திருக்கலாம், மழை பொய்த்ததாலோ தங்கை கல்யாணக் கடனாலோ இங்கே வந்து கம்பி கட்டிக்கொண்டிருக்கலாம். அந்த உள்ளூர்ப் பெண்ணின் கொள்ளுத்தாத்தா துறைமுகத்திலோ நகராட்சியிலோ கூலியாக வந்தவராக இருக்கலாம், இன்று அவள் வங்கியில் வேலை பார்க்கிறாள், அவளுடைய வீட்டில் சாதியைப் பற்றிப் பேசி இரண்டு தலைமுறை ஆகியிருக்கும். இப்போது யார் மேலே, யார் கீழே? பெண்ணின் அப்பா ‘அவன் வெறும் பெர்மிட்டு, உன் பாஸ்போர்ட்டுக்காகத்தான் சுத்துகிறான்’ என்பார். பையனின் அம்மா புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வாட்ஸ்அப் அழைப்பில் ‘அவங்க என்ன ஆளுங்க, விசாரிச்சியா’ என்று கேட்பார். இரண்டு வீடும் ஒன்றையொன்று தனக்குக் கீழே என்று நினைக்கின்றன, இரண்டும் தங்கள் கணக்குப்படி சரி என்றே நம்புகின்றன. மதுரையில் இந்தக் கதை நடக்கவே முடியாது, இது நம் மண்ணுக்கே உரியது. எத்தனை வீட்டில் இப்படி நடக்கிறது என்று எண்ணிச் சொல்ல முடியாது, ஆனால் இந்த இரண்டு வசனங்களையும் நான் வெவ்வேறு வீடுகளில் காதால் கேட்டிருக்கிறேன்.

பெண்ணின் அப்பாவை வில்லனாக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பாஸ்போர்ட்டுக்காகப் பழகிவிட்டுக் கைவிட்டுப் போனவர்களும் இருக்கிறார்கள், அவருடைய பயம் வெறும் திமிர் இல்லை. அவர் டாக்சி ஓட்டுபவராக இருக்கலாம், அவருக்கும் மூவறை வீடுதான் இருக்கலாம், தான் ஏறி வந்த அந்த ஒரு படியிலிருந்து மகள் இறங்கிவிடக்கூடாது என்று நினைக்கிற மனிதர். அவரிடமும் நியாயம் இருந்தால்தான் பார்ப்பவருக்கு யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் தவிப்பு வரும். மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ (2018) கடைசிக் காட்சியைக் கவனித்திருக்கிறீர்களா, பெண்ணின் அப்பாவும் பையனும் பேசி முடித்த பிறகு பக்கம் பக்கமாக இரண்டு டீ கிளாஸ், ஒன்றில் பால் கலந்தது, ஒன்றில் பால் கலக்காதது, நடுவில் ஒரு பூ. யாரும் மனம் மாறிக் கட்டிப்பிடிக்கவில்லை, ஆனால் அந்த அப்பா உட்கார்ந்து கேட்கிற அளவுக்கு ஒரு மனிதராக இருந்தார்.

இருவரும் எங்கே சந்திப்பார்கள் என்று தடுமாறினால் ஒரு யோசனை சொல்கிறேன், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். நம் புளோக்குகளுக்குச் சில வருடத்துக்கு ஒருமுறை சாயம் அடிப்பார்கள், கீழே அறிவிப்பு ஒட்டுவார்கள், துணி காயப்போடாதீர்கள், ஜன்னலைச் சாத்தி வையுங்கள் என்று. ஒருநாள் காலையில் பதினோராவது மாடிச் சமையலறை ஜன்னலுக்கு வெளியே தொங்கு மேடையில் இரண்டு பேர் வந்து நிற்பார்கள், இடுப்பில் கயிறு, முகத்தில் துணி, கையில் உருளை. உள்ளே நாம் நைட்டியோடு மைலோ கலக்கிக்கொண்டிருப்போம். ஒரு கை நீட்டும் தூரம்தான், ஆனால் திரையை இழுத்து மூடுவதுதான் வழக்கம். உங்கள் பெண் மூடாமல் இருக்கட்டும். உள்ளே வானொலியில் ஒலி 96.8 ஓடட்டும், அவன் அந்தப் பாட்டுக்குத் தன்னையறியாமல் வாயசைக்கட்டும், அவள் அதைப் பார்க்கட்டும். தண்ணீர் கேட்கலாமா என்று அவனுக்குத் தயக்கம், கொடுத்தால் ஆபத்தோ என்று அவளுக்குத் தயக்கம். மறுநாள் மேடை பத்தாவது மாடிக்கு இறங்கிவிடும். புளோக் முடிந்தால் அவனை வேறு பேட்டைக்கு அனுப்பிவிடுவார்கள், அவளுக்கு அவனுடைய பெயர்கூடத் தெரியாது. அவளுக்கு இருக்கிற அவகாசத்தை அந்த மேடை இறங்கும் வேகத்திலேயே காட்டிவிடலாம், வசனம் வேண்டாம்.

படப்பிடிப்புக்கு நிஜ மேடையைத் தேடிப் போகாதீர்கள், பாதுகாப்பு அனுமதி கிடைக்கப் பெரும்பாடு. தரைத்தள வீடு ஒன்றின் ஜன்னலுக்கு வெளியே மேசை போட்டு, கேமராவைக் கீழே காட்டாமல் எடுத்தால் போதும், வெளிச்சம் மட்டும் மேலிருந்து வருகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். பையன் வேடத்துக்கு உள்ளூர் நடிகரைப் போட்டு ஊர்த்தமிழ் பேசச் சொன்னால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். ஊழியர்களிலேயே கவிதை எழுதுபவர்கள், நாடகம் போடுபவர்கள் இருக்கிறார்கள், வெளிநாட்டு ஊழியர்களுக்கான கவிதைப் போட்டிகள் 2014 முதல் இங்கே நடந்திருக்கின்றன, அந்த வட்டத்தில் விசாரியுங்கள், ஆனால் நடிக்க வைப்பதற்கு முன் அவருடைய பெர்மிட்டுக்கு இது ஒத்துவருமா என்று அமைச்சிடமும் அவருடைய முதலாளியிடமும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், உங்கள் படத்தால் அவருக்கு வேலை போய்விடக்கூடாது. வரைவு தயாரானதும் அனுப்புங்கள், முக்கியமாக அந்த இரண்டு வீடுகளும் பேசும் காட்சிகளை நான் உட்கார்ந்து படித்துச் சொல்கிறேன்.